வங்கி ஏலத்தில் சல்லிசாக வீடு: பணம் கட்டும் முன்பு பார்க்க வேண்டியது என்ன?

கள்ளக்குறிச்சி,

பேப்பரை பிரித்தால் வங்கி ஏல விளம்பரம் கண்ணில் படுகிறது. ஊரில் விற்கிற விலையை விட குறைவாக வீடு போட்டிருப்பார்கள். "நாமளும் ஒண்ணு எடுத்துப் போட்டா என்ன?" என்று சீட்டு பணத்தை கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் உண்டு. எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் விலை ஏன் குறைவு என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

வீட்டுக்கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். 2002-ம் ஆண்டு வந்த சர்பாசி சட்டப்படி வங்கி நோட்டீஸ் அனுப்பும். 60 நாளில் பணம் வராவிட்டால், கோர்ட்டில் வழக்கு போடாமலேயே வீட்டை எடுத்து ஏலம் விடலாம். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அந்த ஏலம் போணியாகாவிட்டால் மறு ஏலத்துக்கு 15 நாள் போதும்.

விவசாய நிலத்துக்கு இந்த சட்டம் பொருந்தாது.

மறுநாளே பணம்

குறைந்தபட்ச விலை ரூ.18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக 10 சதவீதம், அதாவது ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் டெபாசிட் கட்டினால்தான் ஏலம் கேட்க முடியும். ரூ.20 லட்சத்துக்கு எடுத்தால் அதில் 25 சதவீதம் ரூ.5 லட்சம். டெபாசிட் போக மீதி ரூ.3 லட்சத்து 20 ஆயிரத்தை அன்றே, இல்லாவிட்டால் அடுத்த வேலை நாளுக்குள் கட்டியாக வேண்டும். பாக்கி ரூ.15 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதில் இருந்து 15 நாள்தான் கெடு. வங்கி எழுத்துப்பூர்வமாக சம்மதித்தால் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.

"லோன் போட்டுக்கலாம்" என்று நம்பி இறங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பாக்கியை கட்டாவிட்டால் கட்டிய 25 சதவீதமும் போய்விடும். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், முழு தொகையையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லிவிட்டது.

உள்ளே ஆள் இருந்தால்?

விளம்பரத்தில் "அடையாள சுவாதீனம்" என்று இருந்தால், காகிதத்தில்தான் வீடு வங்கி கையில் இருக்கிறது. உள்ளே கடன் வாங்கிய குடும்பமே குடியிருக்கலாம், வாடகைக்காரர் இருக்கலாம். கலெக்டரிடம் மனு போட்டு, அதிகாரிகள் வந்து காலி செய்து கொடுக்கும் வரை உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். "நேரடி சுவாதீனம்" என்று போட்ட வீட்டை பார்ப்பதே புதுசாக இறங்குபவர்களுக்கு நல்லது.

அந்த குடும்பத்துக்கும் வழி இருக்கிறது. ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பு முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கலாம். வங்கி நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்பு தீர்ப்பாயத்துக்கும் போகலாம். அங்கே வழக்கு நடக்கிறதா என்று விசாரிக்காமல் ஏலம் கேட்கக்கூடாது.

வில்லங்கத்தை பத்திரப்பதிவு துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் வீட்டு வரி பாக்கி, கரண்டு பில் பாக்கி அதில் வராது. "உள்ளது உள்ளபடி" விற்பதால் அதெல்லாம் வாங்கியவர் தலையில் விழலாம். நகராட்சியிலும் மின்வாரியத்திலும் நேரில் கேட்டுவிட வேண்டும். பொதுத்துறை வங்கிகளின் ஏலங்கள் 2025 ஜனவரியில் தொடங்கிய "பேங்க்நெட்" தளத்தில் வருகின்றன. அதைப் பார்க்க புரோக்கர் தேவையில்லை.

கல்வராயன்மலை கதை வேறு

வெள்ளிமலை பக்கம் குறைந்த விலைக்கு இடம் இருக்கிறது என்று யாராவது வந்தால் ஒன்றுக்கு பத்து முறை யோசிக்க வேண்டும். ஜாகீர்தார்கள் கையில் இருந்த இந்த மலையை 1976-ல் அரசு எடுத்துக்கொண்டது. இங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்கு 2006-ம் ஆண்டு வன உரிமை சட்டப்படி கிடைக்கும் பட்டா, பிள்ளைகளுக்கு போகும். விற்கவோ, அடுத்தவர் பெயருக்கு மாற்றவோ முடியாது. ஆகவே அந்த நிலம் வங்கி ஏலத்துக்கும் வராது. வெறும் ஸ்டாம்பு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தால், இடம் கடைசி வரை வாங்கியவர் பெயருக்கு வராது.