செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரா? நம்பரைப் பார்த்து வாங்குங்க!

குறுவை நெல் விற்ற கையோடு, கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்காகவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கணக்கு வழக்குக்காகவோ கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பும் குடும்பங்கள் இப்போது அதிகம். எது நல்லது என்று கேட்டால், கடைக்காரர் தன்னிடம் தேங்கிக் கிடப்பதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். உரக்கடையில் நடப்பதுதான் அங்கேயும்.

சந்தையில் முக்கியமாக இருப்பவை ஆப்பிளின் மேக், விண்டோஸ், லினக்ஸ் என்ற மூன்று. மூன்றிலும் தமிழ்99 விசைப்பலகை உண்டு. தமிழில் தட்டச்சு செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை.

மேக் உழைக்கும் என்பதில் சந்தேகமில்லை. 2020 கடைசியில் வந்த எம்1 மாடல் முதல் மேக்புக் ஏர் லேப்டாப்பில் விசிறியே கிடையாது. அதனால் கதிரடிக்கும் காலத்துத் தூசியை உள்ளே இழுக்காது. ஆனால், விலை அதிகம். பழுதானால் நகரத்துக்குத்தான் ஓட வேண்டும். வாங்கிய பிறகு மெமரியைக் கூட்ட முடியாது. கணக்குக்கு டேலி வேண்டுமென்றால் அதில் நேரடியாக ஓடாது.

விண்டோஸ் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாமே பெரும்பாலும் இதை வைத்துத்தான் தயாராகின்றன. சங்கக் கணக்குக்கு இதுவே சுலபம். சிக்கல், பழையதை வாங்கும்போதுதான் வருகிறது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக 8-வது தலைமுறையாவது வேண்டும். கம்பெனிகள் கழித்துக் கட்டிய பழைய பெட்டிகள் குறைந்த விலைக்குக் கடைவீதிக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். விதைப் பையில் காலாவதி தேதி பார்ப்பதைப் போல இதிலும் நம்பரைப் பார்க்க வேண்டும். ஐ5-6500 என்றிருந்தால், கோட்டுக்குப் பின்னால் வரும் 6 தான் தலைமுறை. ஐ5-8250 என்றால் 8. ஐ5-10210 என்றால் 10. ‘ஐ5 இருக்கு சார்’ என்று மட்டும் சொன்னால் போதாது.

அப்படியொரு பழைய பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பல வீடுகளில் அது பரணில்தான் கிடக்கிறது. மெமரியை 4 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டால், படிக்க, பட்டா பார்க்க, வேளாண் வீடியோ பார்க்க இன்னும் உதவும். டேலியும் டோக்கனும் வேண்டுமென்றால் மட்டும் இது சரிப்படாது.

எதை வாங்கினாலும் கரன்ட்தான் முதல் எதிரி. மோட்டார் போட்டதும் பல்பு மங்கும் வீட்டில், யு.பி.எஸ் இல்லாமல் டெஸ்க்டாப் வைப்பது வம்பு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழன்றுகொண்டே இருக்கும். திடீரென்று கரன்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த கணக்கு பாழாகலாம். லேப்டாப்பில் பேட்டரியே யு.பி.எஸ் வேலையைப் பார்த்துவிடும். பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் என்றால் அந்த வசதியும் போச்சு.

கடையிலேயே ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் அபவுட் என்ற இடத்துக்குப் போனால் பிராசஸர் நம்பர் தெரியும். அந்த நம்பரையும் வாரன்டி காலத்தையும் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.