காவல்காரன் வீடு மாறிப் போகலாமா?

"ரத்தப் புற்றுநோய்க்குப் புதுசா செல் சிகிச்சை வந்திருக்காமே, மார்பகத்துக்கும் அதையே கொடுத்தால் என்ன?" என்று எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்விதான். படித்தும் விசாரித்தும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நம் ரத்தத்தில் 'டி செல்' என்று ஒரு வகை வெள்ளையணு உண்டு. உடம்புக்கு அதுதான் காவல்காரன். நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுநோயின் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும்படி மாற்றி, பெருக்கி, திரும்ப ரத்தத்தில் ஏற்றுவதுதான் 'கார்-டி' சிகிச்சை. 2017-ல் அமெரிக்காவிலும், 2023-ல் நம் நாட்டிலும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கு இதற்கு அனுமதி கிடைத்தது. மார்பகத்துக்கு இன்னும் பரிசோதனை அளவில்தான் இருக்கிறது.

ஏன் இந்தத் தயக்கம்? மார்பகப் புற்றுநோயாளிகளில் 100-க்கு 15, 20 பேருக்குக் கட்டியின் மேல் 'ஹெர்-2' என்ற புரதம் ஏராளமாக இருக்கும். அதையே அடையாளமாக வைக்கலாம்தான். ஆனால் நுரையீரல் போன்ற நல்ல உறுப்புகளிலும் அது கொஞ்சம் இருக்கிறதே! திருடன் போட்ட சட்டையையே நம் வீட்டுப் பிள்ளையும் போட்டிருந்தால் காவல்காரன் என்ன செய்வான், பாவம்?

அப்படித்தான் ஒரு விபரீதம் நடந்தது. அமெரிக்காவில் குடல் புற்றுநோயாளி ஒருவருக்கு ஹெர்-2-வைத் தேடும் செல்களை ஒரே தடவையில் 1,000 கோடி ஏற்றினார்கள். 15 நிமிஷத்துக்குள் மூச்சுத் திணறல். ஐந்தாம் நாள் உயிர் போய்விட்டது. செல்கள் நுரையீரலைத் தாக்கியிருக்க வேண்டும் என்று 2010-ல் மருத்துவர்கள் எழுதினார்கள்.

அதன் பிறகு பாதுகாப்புக்குப் பல வழிகள் தேடினார்கள்.

முதலாவது, அளவு. 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், வேறு வகைப் புற்றுநோயாளிகளுக்கு மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினார்கள். அந்த மாதிரி ஆபத்து வரவில்லை.

இரண்டாவது, இரட்டைப் பூட்டு. இரண்டு அடையாளமும் சேர்ந்திருந்தால்தான் தாக்கும் செல்லை 2016-ல் கலிபோர்னியா விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள்.

மூன்றாவது, அணைக்கும் சுவிட்ச். மாற்றிய டி செல்கள் தொல்லை கொடுத்தால், ஒரு மருந்தைக் கொடுத்து அவற்றை அழித்துவிடலாம். எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்ட நாலு பேரிடம் இப்படிச் செய்தபோது, அரை மணியில் 90 சதவிகிதத்துக்கு மேல் அழிந்தன என்று 2011-ல் தெரிவித்தார்கள்.

ஆகவே சகோதரிகளே, "மார்பகத்துக்கும் கார்-டி கொடுக்கிறோம், பணம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், அது முறைப்படி பதிவான பரிசோதனையா என்று முதலில் கேளுங்கள். கட்டிக்கு ஹெர்-2 சோதனை செய்தாச்சா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அது கூடுதலாக இருந்தால், அதற்கென்றே உள்ள டிராஸ்டுசுமாப் ஊசி 1998 முதல் பயன்பாட்டில் இருக்கிறது.

மார்பில் கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் ரத்தக் கசிவோ தெரிந்தால், "பண்டிகை முடியட்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்!