எதிர்வீட்டுப் பூனையும் எதிர்வீட்டு மாத்திரையும்

என் கால்நடை கிளினிக்குக்குப் பூனைகள் இப்போதெல்லாம் ஜோடியாக வருகின்றன. ஒரு வீட்டுப் பூனைக்கு வாந்தி என்றால் எதிர்வீட்டுப் பூனையையும் கூடையில் போட்டுத் தூக்கி வருகிறார்கள். பகல் முழுக்க இரண்டு வீட்டுக் கதவும் திறந்தே கிடக்குமாம். ஒன்று இங்கே வந்து தின்னும், மற்றது அங்கே போய்த் தூங்கும். லிஃப்டில் பார்த்தால் செல்போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்ட குடும்பங்கள், பூனைகளின் தயவில் தீபாவளிப் பட்சணம் மாற்றிக்கொள்கின்றன. சென்னை அடுக்ககங்களில் இதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான்.

பட்சணத்தோடு மாத்திரையும் கைமாறுவதுதான் என் தலைவலி. 'எங்க பூனைக்கு இதைத்தான் கொடுத்தோம், சரியாயிடுச்சு' என்று எதிர்வீட்டு அக்கா நீட்டியதை இரண்டு நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ராத்திரி கிளினிக் ஷட்டரை இறக்கும் நேரத்தில் ஓடி வருகிறார்கள்.

காய்ச்சல் மாத்திரை கொல்லும்

பாராசிட்டமால் பூனைக்கு விஷம். குழந்தைக்குக் கொடுக்கும் சிரப்பும் விஷம்தான்; 'அரை மூடிதான் டாக்டர்' என்பதெல்லாம் கணக்கில்லை. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வலு கிடையாது. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை நன்றாக வளர்ந்த பூனையையே கொன்றுவிடும். முகமும் பாதமும் வீங்கும், ஈறு பழுப்பு நிறமாகும், மூச்சு வாங்கும். முறிமருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் வந்தால்தான் அதற்கு வேலை. பூனைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் 'ஒண்ணுமே கொடுக்கலையே' என்பார்கள். பக்கத்தில் நிற்கும் எதிர்வீட்டு அக்காவின் முகத்தைப் பார்த்துத்தான் நான் விஷயத்தைத் தெரிந்துகொள்கிறேன்.

அடுத்தது நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்து. நாய் வளர்க்கும் மூன்றாவது வீட்டிலிருந்து வருவது இது. அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு உடல் உதறி வலிப்பே வரும். கற்பூரம் கரைத்த எண்ணெயும், தண்ணீரில் விட்டால் பாலாய் வெளுக்கும் அந்தக் கிருமிநாசினியும் இதே ரகம். சிநேகமான பூனைகள் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும். ஒன்றின் முதுகில் நீங்கள் தடவுவது இரண்டின் வயிற்றுக்குள்ளும் போகிறது.

'அங்கே போயிருக்கும்'

தாமதமாக வருகிறவர்களில் என் பொறுமையை அதிகம் சோதிப்பவர்கள் ஆண் பூனை வளர்ப்பவர்கள். பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கல் என்று முடிவுகட்டி விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். அடைத்திருப்பது சிறுநீர். அப்படியே விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். பூனை இரண்டு வீட்டிலும் வளர்வதால் வேறொரு வம்பும் உண்டு. இந்த வீட்டு மணல் காய்ந்திருந்தால் 'அங்கே போயிருக்கும்' என்று இவர்கள் நினைக்கிறார்கள், 'இங்கே போயிருக்கும்' என்று அவர்கள் நினைக்கிறார்கள். சாப்பாட்டிலும் இதே கதைதான். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து படுத்துவிடும். ஒரே வீட்டில் வளரும் பூனையின் பட்டினி முதல் நாளே தெரிந்துவிடும். இரண்டு வீட்டுச் செல்லத்துக்குத்தான் இந்தக் கதி.

சந்தேகம் வந்த அன்றே தூக்கி வாருங்கள்; ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று தேவையானதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

படிக்கட்டில் பேசிக்கொள்பவை

'வெளியே போகாத பூனைக்குத் தடுப்பூசி எதுக்கு?' உங்கள் செருப்பு வெளியே போகிறதே. பான்லூகோபீனியா என்னும் வைரஸ் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். தரையில் ஒரு வருடம்கூடச் சாகாமல் கிடக்கும். வாகன நிறுத்தத்தில் கண்டெடுத்த குட்டியை நேராக இரண்டு வீட்டுப் பூனைகளோடும் விளையாட விட்டு, ஒரே வாரத்தில் மூன்றையும் வாந்தியும் பேதியுமாகத் தூக்கி வந்தவர்களை இந்த மழைக்காலத்தில் நிறையவே பார்த்துவிட்டேன்.

'பூனை எங்கே விழுந்தாலும் காலில்தான் விழும்.' சிநேகிதனைப் பார்க்க பால்கனிக்கு பால்கனி தாவும் பூனை எல்லா முறையும் சரியாகத் தாவாது. காலில் விழுந்தாலும் தாடை தரையில் மோதும், அண்ணம் பிளக்கும், நுரையீரல் அடிபடும். 1987-இல் நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பூனைகளின் கணக்கு அது. கீழேயே செத்துக் கிடந்ததை யார் தூக்கி வருவார்கள்?

'பூனை முடி வயித்துக்குள்ள போனா ஆஸ்துமா.' ஒவ்வாமையைக் கிளப்புவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதம். முடி அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். மூச்சுத் திணறல் இருப்பவர் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். முடியைப் பொறுக்கிக்கொண்டு உட்காராதீர்கள்.

'மருமக முழுகாம இருக்கா, பூனையை விட்டுடணும்.' வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா முட்டைகள் பூனையின் மலத்தில் குறைந்தது ஒரு நாள் கிடந்தால்தான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். மணல் தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்யட்டும். வேகாத இறைச்சியை அவரும் தவிர்க்கட்டும், பூனைக்கும் போடாதீர்கள்.

'ஒரு தடவை குட்டி போட்டப்புறம்தான் கருத்தடை ஆபரேஷன்.' மருத்துவத்தில் இதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

பிள்ளைகளின் கையில் வட்டம்

பூனையின் காதோரம் முடி கொட்டி வட்டமாகத் தெரியும். பத்து நாளில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் அதே வட்டம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு அடங்கும், படர்தாமரை பரவும். தோல் மருத்துவரிடம் போங்கள். அதே வாரம் இரண்டு பூனைகளையும் என்னிடம் கொண்டு வாருங்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் மற்றதிடமிருந்து திரும்பத் தொற்றும்.

பூனையின் நகம் பட்ட கீறலுக்கு மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு என்று எதையும் அப்பாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு நேராக மருத்துவமனை. வெறிநோய்த் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். எதிர்வீட்டார் மனசு நோகுமே என்று கீறலை மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெறிநோய் ஒருமுறை தலைகாட்டிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை, ஐயா.

கெஞ்சிக் கேட்கிறேன்

இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் வந்து பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு போங்கள். புதுக் குட்டி வந்தால் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள். பால்கனிக்கு வலை அடியுங்கள், அழகு கெட்டாலும் பரவாயில்லை. எதையாவது கொடுத்துத் தொலைத்திருந்தால் மாத்திரை அட்டையோடு வாருங்கள், திட்டமாட்டேன். முக்கியமாக, தினமும் படுக்கப் போகும் முன் எதிர்வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள்: 'இன்னிக்கு அங்கே சாப்பிட்டானா? ஒண்ணுக்குப் போனானா?' கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டுத் தூங்குங்கள்.