பகலில் எரியும் விளக்கு

இருள் வந்த பின்பே விளக்கேற்றுதல் மனிதரின் பழைய வழக்கம். பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டுச் செல்பவனைக் கண்டால், மறந்துவிட்டான் என்று இரங்குவோர் உண்டு. வீண் செலவு என்று நகைப்போரும் உண்டு. ஆனால், கனடா தேசத்து வீதிகளிலே நண்பகல் வேளையிலும் மோட்டார் வாகனங்களின் முன்புறத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கக் காணலாம். அது மறதியால் நேர்வதன்று, சட்டத்தால் நேர்வது. 1989 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் முதலாந் தேதிக்குப் பின்னர் அந்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட, அல்லது அந்நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட புதிய வாகனம் ஒவ்வொன்றும், இயந்திரம் இயங்கி வாகனம் புறப்படும்போது தானாகவே எரியும் பகல் விளக்கை உடையதாய் இருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி.

கனடாவுக்குத் தெற்கேயுள்ள அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய கட்டாயம் இல்லை. 1993 ஆம் ஆண்டிலே அந்நாட்டு மத்திய அரசின் விதி பகல் விளக்கை அனுமதித்தது. ஆயினும் அது வேண்டும் என்று கட்டளையிடவில்லை. இவ்விரு நாடுகளையும் பிரிக்கும் எல்லையிலே, பஃபலோ நகரையும் போட் ஈரி நகரையும் இணைத்து, நயாகரா ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் உண்டு. பாலத்தின் ஒரு முனையில் குறையற்றதாய் நின்ற கார், மறு முனையை அடைந்ததும் குறையுடைய காராகிவிடுகின்றது. அதன் இயந்திரமும் மாறவில்லை, சில்லுகளும் மாறவில்லை. மாறியது சட்டம் ஒன்றே. கனடாவிலே குடியேறி வாழும் இலங்கைத் தமிழர் பலராதலின், எல்லைக்கு அப்பால் கார் வாங்கி வரும் ஒருவர் இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்க்கின்றார் என்பது இந்நாட்டிலுள்ள அவர்தம் உறவினர்க்கும் சுவை பயப்பதாகும்.

முதலிலே பகல் விளக்கின் பயன் யாது என அறிதல் நன்று. இரவில் எரியும் முகப்பு விளக்கு, சாரதி வீதியைக் காண்பதற்கு உதவுவது. பகலில் எரியும் விளக்கோ, பிறர் அவ்வாகனத்தைக் காண்பதற்கு உதவுவது. சாம்பல் நிறக் கார் ஒன்று சாம்பல் நிற வீதியிலே, தாழ்ந்த சூரியனின் மங்கிய ஒளியில் வரும்போது, பின்னணியோடு பின்னணியாய் மறைந்துபோகின்றது. அதன் முகப்பில் இரு ஒளிப்புள்ளிகள் தோன்றுமாயின், வீதியைக் கடக்க நிற்பவரின் கடைக்கண்ணிற்கூட அவை படும். வட துருவத்தை அண்டிய நாடுகளிலே, மாரிகாலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே தவழ்கின்றது. அதனாலேதான் பின்லாந்து 1972 ஆம் ஆண்டிலும், சுவீடன் 1977 ஆம் ஆண்டிலும், டென்மார்க் 1990 ஆம் ஆண்டிலும் பகலில் விளக்கெரிக்கும் விதிகளைக் கொண்டுவந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2011 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் புதிதாக அறிமுகமாகும் கார் வகைகளுக்கு இவ்விளக்கைக் கட்டாயமாக்கியது.

இனி, காரின் உள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். முற்காலத்துக் காரிலே விளக்கின் கதை மிக எளியது. பற்றரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் ஆளியைக் கடந்து மின்குமிழை அடையும். ஆளியை அமர்த்தினால் ஒளி, விடுத்தால் இருள். அத்தகைய காருக்குப் பகல் விளக்கு வேண்டுமாயின், ஒரு சிறு மின்கருவியை வாங்கி, கம்பிகளை வெட்டியும் ஒட்டியும் பொருத்துவார்கள். இக்காலத்துக் காரிலே சாரதி அமர்த்தும் ஆளி விளக்கை நேரே ஏற்றுவதில்லை. அது ஒரு வேண்டுகோளை மாத்திரம் அனுப்புகின்றது. அதனைப் பெற்று, விளக்கை ஏற்றலாமா, எவ்வளவு ஒளியுடன் ஏற்றலாம் என முடிவு செய்வது காரின் உள்ளேயுள்ள ஒரு கட்டுப்பாட்டுக் கணினியாகும்.

அக்கணினியை ஒரு பெரிய வீட்டின் கணக்கப்பிள்ளைக்கு ஒப்பிடலாம். அவரிடம் ஒரு குறிப்பேடு உண்டு. கார் எந்த நாட்டுக்குரியது, பகல் விளக்கு உண்டா இல்லையா, உண்டெனில் எந்த மின்குமிழை எரிப்பது, கைப்பிரேக் இழுக்கப்பட்டிருக்கும்போது அதை அணைப்பதா என்பன போன்ற பல வினாக்களுக்கு அந்த ஏட்டிலே விடை எழுதப்பட்டிருக்கும். கணக்கப்பிள்ளை ஏட்டைப் பார்த்தே எதையும் செய்வார். கனடாவுக்குச் செல்லும் கார்களும் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களும் பல வேளைகளில் ஒரே தொழிற்சாலையிலேதான் உருவாகின்றன. கம்பிகளும் மின்குமிழ்களும் ஒன்றே. ஏட்டிலுள்ள விடைகளே வேறு. ஆகவே, இல்லை என எழுதியிருக்கும் இடத்தில் ஆம் என எழுதிவிட்டால், அதுவரை பகலிலே உறங்கிக் கிடந்த விளக்கு விழித்துக்கொள்ளும்.

இந்த எழுத்து வேலை நடைபெறும் முறை பின்வருமாறு. ஸ்டியரிங் சில்லின் அருகே, மானிப் பலகையின் அடியிலே, ஓர் இணைப்பு வாய் அமைந்திருக்கும். 1996 ஆம் ஆண்டு மாதிரி முதலாக அமெரிக்காவில் விற்கப்படும் கார்களில் இது ஒரே வடிவில் இருத்தல் கட்டாயமாயிற்று. முகவர் நிலையத்துப் பொறிவினைஞர் தம் சோதனைக் கருவியை அதிலே பொருத்தி, கணினியின் ஏட்டை முதலில் வாசிக்கின்றார். வாசித்ததைப் பிரதி செய்து பத்திரப்படுத்துகின்றார். ஏதேனும் பிழை நேருமாயின் பழைய நிலைக்கு மீள்வதற்கு அதுவே வழி. பின்னர், பற்றரிக்கு வெளியிலிருந்து மின்னூட்டும் கருவியை இணைக்கின்றார். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னழுத்தம் தளர்ந்துபோனால், பாதி எழுதிய ஏட்டுடன் கணினி செயலற்றுப் போகக்கூடும். அதன் பின்னரே உரிய விடையை மாற்றி எழுதி, காரை இயக்கி, விளக்கைக் கண்ணாற் கண்டு உறுதி செய்கின்றார்.

இரவுக்குரிய விளக்கைப் பகலில் முழு வலிமையுடன் எரித்தால், எதிரே வருபவரின் கண் கூசாதோ என்னும் ஐயம் எழலாம். தொலைவுக்கு ஒளி வீசும் விளக்கைப் பகல் விளக்காகப் பயன்படுத்தும் கார்களிலே, கணினி அதன் ஒளியைக் குறைத்துவிடுகின்றது. ஒரு விநாடிக்குள் பல தடவை மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் விளக்கை எரிப்பதே அதன் உபாயம். இடைவெளிகள் மிகச் சிறியனவாதலால், கண்ணுக்குத் தோன்றுவது மெல்லிய ஒளி மாத்திரமே. வேறு சில கார்களில் அருகொளி விளக்கு எரியும்; இன்னுஞ் சிலவற்றில் செம்மஞ்சள் நிறச் சமிக்ஞை விளக்கு இமையாமல் எரியும்; புதியவற்றில் இதற்கெனவே தனி விளக்கு அமைந்திருக்கும்.

காரைக் கொண்டுவந்தவர் தாமே இவற்றையெல்லாம் செய்துவிட்டு, நிறைவேறிற்று என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் வாங்கிய, 15 ஆண்டுக்குட்பட்ட கார், கனடா அரசின் போக்குவரத்துத் திணைக்களத்திற்காக நடத்தப்படும் இறக்குமதி வாகனப் பதிவு முறைக்கு உட்பட்டது. எந்தெந்தக் கார்கள் உள்ளே வரலாம் என்பதற்குத் திணைக்களம் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றது. திருத்தியமைக்க இயலாத கார் எல்லையிலேயே மறுக்கப்படும். உற்பத்தியாளர் திருத்தத்துக்காகத் திருப்பி அழைத்த குறை ஏதும் எஞ்சியிருக்கவில்லை என்பதற்குச் சான்றும் காட்டல் வேண்டும். கார் எல்லையைக் கடந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் வேண்டிய மாற்றங்களைச் செய்து முடித்து, பரிசோதகரிடம் காட்டித் தேறிய பின்னரே, மாகாண அரசிடம் முறையான உரிமம் பெறலாம்.

பகல் விளக்கு எரிந்துவிட்டாற் போதும் எனக் கருதுதல் எத்துணை ஆபத்தானது என்பதை அதே கனடா தேசம் அனுபவத்தால் அறிந்தது. பகல் விளக்கு முன்புறத்தில் மாத்திரமே எரிவது. மானிப் பலகையோ இக்காலத்துக் கார்களில் எந்நேரமும் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றது. அந்தி சாய்ந்த பின், முன்னே சிறிது வெளிச்சமும் கண்ணெதிரே ஒளிரும் பலகையும் இருத்தலைக் கண்ட சாரதி, தம் விளக்குகள் யாவும் எரிகின்றன என நம்பிவிடுகின்றார். பின்விளக்கு எரியாத அக்கார், இருளோடு இருளாய், பின்னே வருபவர் கண்ணுக்குத் தோன்றாமற் செல்கின்றது. பேய் வாகனங்கள் என அங்குள்ளோர் இவற்றுக்குப் பெயரிட்டனர்.

இதற்குப் பரிகாரமாக, 2021 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் செய்யப்படும் புதிய வாகனங்களுக்கு மூன்று வழிகளில் ஒன்று விதிக்கப்பட்டது. பகல் விளக்குடன் பின்விளக்கும் சேர்ந்து எரிதல் வேண்டும்; அல்லது, இருள் கண்டதும் எல்லா விளக்குகளும் தாமாகவே எரிதல் வேண்டும்; அல்லது, சாரதி விளக்கை ஏற்றும் வரையில் மானிப் பலகை இருண்டிருத்தல் வேண்டும். முன்னைய விதி முன்னே நிற்பவரை நினைத்தது. பின்னைய விதி பின்னே வருபவரையும் நினைத்தது. ஏட்டில் எழுதுபவரும் இவ்விருவரையும் நினைத்தே எழுதல் வேண்டும். முன்புறத்தில் ஒளியைக் கண்டவுடன் கருவியைக் கழற்றிவிடுபவர், தம் வேலையிற் பாதியைத்தான் செய்தவராவார்.

ஏட்டிலே எழுதி எதையும் மாற்றிவிடலாமோ எனின், அதுவும் இயலாது. அமெரிக்கக் கார்கள் பலவற்றில், திரும்புவதைக் காட்டும் பின்புறச் சமிக்ஞை சிவப்பு நிறத்தில் இமைக்கும். அந்நாட்டுச் சட்டம் சிவப்பையும் செம்மஞ்சளையும் ஒருங்கே ஏற்கின்றது. ஐரோப்பிய நாடுகளிலோ அது செம்மஞ்சளாகவே இருத்தல் வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே எந்த ஏட்டுக் குறிப்பை எழுதினாலும், வெளிவரும் ஒளி சிவப்பே. ஆகவே விளக்கையே மாற்றிப் பொருத்தி, பிரேக்குக்கு ஒரு குமிழ், சமிக்ஞைக்கு வேறொரு குமிழ் எனப் பிரித்து, அதன் பின்னரே கணினிக்கு அந்தப் பிரிவினையை அறிவித்தல் வேண்டும். அறிவியாதுவிடின், புதிய விளக்கு உண்ணும் மின்சாரம் குறைவாயிருக்கக் கண்ட கணினி, குமிழ் பழுதாயிற்று எனக் கருதிச் சமிக்ஞையைப் படபடவென இமைக்கச் செய்தலும் உண்டு.

முகப்பு விளக்கின் அருகொளியும் இத்தகையதே. அதன் கதிர் ஒருபுறம் சற்று உயர்ந்தும், எதிரே வருபவர் இருக்கும் மறுபுறம் தாழ்ந்தும் விழுமாறு கண்ணாடியும் தெறிப்பானும் வடிக்கப்பட்டுள்ளன. வீதியின் வலப்பக்கத்தில் ஓடும் நாட்டுக்குரிய விளக்கு, இடப்பக்கத்தில் ஓடும் நாட்டிலே எதிரே வருபவரின் கண்ணிலே பாயும். சுவீடன் தேசம் 1967 ஆம் ஆண்டு செப்டெம்பர் 3 ஆம் தேதி இடப்பக்க ஓட்டத்திலிருந்து வலப்பக்க ஓட்டத்துக்கு மாறியபோது, வாகனங்களின் முகப்பு விளக்குகளையும் மாற்ற வேண்டியதாயிற்று. யப்பானிலும் இலங்கையிலும் வாகனங்கள் இடப்பக்கமே ஓடுவதனால், யப்பானிலிருந்து இங்கு வந்திறங்கும் கார்களுக்கு இத்தொல்லை இல்லை. அதே கார் கனடாவுக்குச் செல்லுமாயின், அதன் விளக்கை மாற்றுதலே முறையாகும். கணினியின் கட்டளையால் கதிரைத் தாழ்த்திக்கொள்ளும் விளக்குகள் சில புதிய கார்களில் உண்டு. ஏனையவற்றின் கண்ணாடிக்கு ஏட்டுமொழி விளங்குவதில்லை.

ஆதலால், வெளிநாட்டுக் காரொன்றின் விளக்கைத் திருத்த முற்படுபவர் முதலிற் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: சட்டம் வேண்டும் ஒளி இக்காரில் ஏற்கெனவே இருந்து உறங்குகின்றதா, அன்றி அடியோடு இல்லையா? உறங்குவதை எழுப்ப ஏட்டில் ஒரு குறிப்பே போதும். இல்லாததைப் புதிதாகவே பொருத்துதல் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து செய்பவரின் கார், பரிசோதகர் முன்னிலையில் மாத்திரமன்றி, மாரிகாலத்து மாலையிலே புத்தகப்பையுடன் வீதியோரம் நிற்கும் பிள்ளையின் முன்னிலையிலும் தேறிவிடும். காரை உற்றுநோக்கி, இப்போது கடக்கலாமா என எண்ணும் அப்பிள்ளைக்கு விதியும் தெரியாது, கணினியும் தெரியாது. தூரத்தே வரும் விளக்கு மாத்திரமே தெரியும்.