பெயர்ப்பலகை சொந்தம், முகவரி குத்தகை

லண்டனின் நார்தர்ன் ரயில் பாதை தெற்கே மோர்டனில் முடிகிறது. 1926இல் திறந்த அந்த நிலையத்தை விட்டு வெளியே வந்தால் லண்டன் ரோடு. சுற்றுவட்டாரத்தில் தமிழர் கடைகள் பல உண்டு. அங்கே ஒருவர் புதிதாகக் கடை திறந்து, பெயர்ப்பலகையில் ‘.கோ.யூகே’ என்று முடியும் இணைய முகவரியையும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பலகை அவருக்குச் சொந்தம். முகவரி குத்தகை.

டொமைன் எனப்படும் இந்த முகவரியை ஒரேயடியாக யாரும் வாங்கிவிட முடியாது. யூகே முகவரியை 1 முதல் 10 ஆண்டு வரை பதிந்துகொள்ளலாம். தவணை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

காதில் அடிக்கடி விழுந்து குழப்பும் சொற்கள் மூன்று. எல்லா யூகே முகவரிகளுக்குமான மூலப் பதிவேட்டை வைத்திருப்பது ரெஜிஸ்ட்ரி. 1996இல் தொடங்கிய நாமினெட் நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. நம்மிடம் பணம் வாங்கிப் பதிந்து கொடுப்பவர் ரெஜிஸ்ட்ரார். யார் பெயரில் பதிவாகிறதோ அவர் ரெஜிஸ்ட்ரன்ட். உரிமை இந்த மூன்றாமவருக்கே. இணையதளம் அமைத்துக் கொடுத்தவர் தம் பெயரிலேயே பதிந்திருந்தால், பத்து வருடம் காசு கட்டிய கடைக்காரரும் ஏட்டில் அந்நியர்தான்.

புதுப்பிக்க மறந்தால்? யூகே முகவரி காலாவதியாகி 30 நாளில் முடங்கும். சுமார் 90 நாளில் ரத்தாகும். இப்படி விடுபடும் பெயரை அந்த நொடியே பதிந்துகொள்ளக் காத்திருப்பவர்கள் உண்டு. இதற்கு ‘டிராப் கேட்சிங்’ என்று பெயர். பொதுச் சொல்லாலான நல்ல பெயரை இப்படிப் பிடித்து விற்பது வியாபாரம்.

பிறர் பேரை வைத்துப் பணம் பறிக்கப் பார்ப்பது ‘சைபர்ஸ்குவாட்டிங்’. ‘ஒன் இன் எ மில்லியன்’ என்ற நிறுவனமும் அதை நடத்தியவர்களும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், செயின்ஸ்பரி, விர்ஜின் முதலான பெயர்களில் டொமைன்களைப் பதிந்துவைத்தார்கள். பர்கர் கிங் பெயரிலான முகவரிக்கு அவர்கள் கேட்ட விலை 25,000 பவுண்ட். வழக்கு லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது; 1998இல் தோற்றார்கள். இன்று இத்தகைய யூகே தகராறுகளைத் தீர்க்க நாமினெட்டிலேயே தனி ஏற்பாடு இருக்கிறது.

ரெஜிஸ்ட்ராரை மாற்றுவது எளிது. டாட்காம் முகவரிக்கு ‘ஆத் கோட்’ என்ற ரகசியக் குறியீடு வேண்டும். யூகே முகவரிக்கு, ரெஜிஸ்ட்ராரைக் குறிக்கும் ‘டேக்’ மாற்றினால் போதும். ஆனால் இரண்டையும் செய்ய, ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கடையோ சங்கமோ தமிழ்ப் பள்ளியோ நடத்துபவர்கள் இன்றே மூன்றைப் பாருங்கள்: பதிவு யார் பெயரில், தவணை முடிவது எந்தத் தேதியில், நினைவூட்டும் மின்னஞ்சல் யாருக்குப் போகிறது.