30 வயசுக்கு மேல் புதுப் பாட்டு காதில் ஏறாதா?

உங்கள் கைத்தொலைபேசியை எடுங்கள். இந்த மாதம் நீங்கள் அதிகம் கேட்ட 20 பாடல்களைப் பாருங்கள். சென்ற ஆண்டு இதே நேரத்தில் அவற்றில் எத்தனை பாடல்கள் உங்களுக்குத் தெரியாது?

உங்களுக்கு 18 வயது என்றால் பாதிக்கு மேல் இருக்கலாம். இதே கேள்வியை அப்பாவிடமோ அத்தையிடமோ கேட்டுப் பாருங்கள். "எனக்கு எதுக்குப்பா புதுசு? இருக்கிறதே போதும்" என்ற பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு.

வயது கூடும்போது புதிய இசையைத் தேடுவது நின்றுவிடுகிறதா? நின்றால், அதற்குக் காரணம் மூளையா, வாழ்க்கையா?

எண்கள் என்ன சொல்கின்றன?

பலரும் மேற்கோள் காட்டும் எண்கள் இரண்டு. ஒன்று 33. மற்றொன்று முப்பதரை.

33 வந்தது 2015-இல். அஜய் காலியா என்பவர் அமெரிக்காவில் ஸ்பாட்டிஃபை பயன்படுத்துவோரின் கேட்கும் பழக்கத்தை வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தார். பதின்ம வயதினர் கேட்பது பெரும்பாலும் அப்போது பிரபலமாக இருக்கும் பாடல்கள். இருபதுகளில் அந்தப் பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. 33 வயது வாக்கில் சராசரி ரசிகர் பிரபலப் பட்டியலைவிட்டு விலகிவிடுகிறார்.

முப்பதரை, 2018-இல் டீசர் என்ற இசைச் சேவை பிரிட்டனில் 1,000 பேரிடம் நடத்திய கருத்தாய்வில் வந்தது. புதிய இசையைத் தேடும் ஆர்வம் 24 வயதில் உச்சத்தில் இருக்கிறதாம். 30 வயது 6 மாதத்தில் நின்றுவிடுகிறதாம். இசைச் சேவை விற்கும் ஒரு நிறுவனம், "ஐயோ, நீங்கள் புதுப் பாட்டே கேட்பதில்லையே" என்று கவலைப்படுகிறது என்பதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செய்தித் தலைப்புகளில் "33 வயதில் ரசனை செத்துவிடுகிறது" என்ற தொனியில்தான் இவை வலம் வந்தன. ஆனால் காலியா அளந்தது புதிய பாடல்களைத் தேடுவதையே அல்ல. பிரபலமான பாடல்களிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறார் என்பதைத்தான் அவர் அளந்தார். விலகுவதற்கு அவரே இரண்டு காரணங்கள் சொன்னார். சிலர் தங்கள் இளமைக்காலப் பாடல்களுக்குத் திரும்புகிறார்கள். வேறு சிலர், வானொலியில் அதிகம் வராத, பெரிதாகப் பேசப்படாத இசை வகைகளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். இரண்டாவது வகையினர் தேடுவதை நிறுத்தியவர்களா? தேடித் தேடி வேறு ஊருக்கே போய்விட்டவர்கள் அல்லவா!

இன்னொரு சுவையான தகவலும் அதில் இருந்தது. பிள்ளை பெற்றவர்களை அவர் எப்படி அடையாளம் கண்டார் தெரியுமா? திடீரென்று கணக்கில் குழந்தைப் பாடல்கள் நுழைவதை வைத்து. அப்படிப்பட்டவர்கள் பிரபல இசையிலிருந்து விலகும் அளவு, ஏறக்குறைய 4 வயது கூடுவதற்குச் சமமாம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும் யாரிடமாவது கேளுங்கள், தலையாட்டுவார்கள்.

13 வயதில் என்ன நடக்கிறது?

2018-இல் பொருளியல் வல்லுநர் சேத் ஸ்டீஃபன்ஸ்-டேவிடோவிட்ஸ் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பாட்டிஃபை தரவுகளைக் கொண்டு, எந்த வயதில் கேட்ட பாடல்கள் நம்மோடு கடைசிவரை ஒட்டிக்கொள்கின்றன என்று அவர் பார்த்தார். பெண்களுக்கு 11 முதல் 14 வயது, ஆண்களுக்கு 13 முதல் 16 வயது.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு ரேடியோஹெட் குழுவின் 'கிரீப்'. அப்போது 38 வயதிலிருந்த ஆண்கள் அதிகம் கேட்ட பாடல்களில் அது 164-ஆவது இடம். அவர்களைவிட 10 வயது மூத்தவர்களிடமும் சரி, 10 வயது இளையவர்களிடமும் சரி, முதல் 300-க்குள்கூட அது வரவில்லை. 1993-இல் அந்தப் பாடல் ஓடியபோது அந்த 38 வயதுக்காரர்களுக்கு ஏறத்தாழ 14 வயது.

இதே கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போமா? இளையராஜாவின் முதல் படம் 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். அப்போது 13 வயது என்றால் பிறந்தது 1963. ரஹ்மானின் 'ரோஜா' 1992. அப்போது 13 வயது என்றால் பிறந்தது 1979. அனிருத்தின் 'கொலவெறி' யூடியூபைக் கலக்கியது 2011-இல். அப்போது 13 வயது என்றால் பிறந்தது 1998. தீபாவளி விருந்தில் "யாரு பெரிய ஆளு?" என்று மாமாவும் அக்காவும் மோதிக்கொள்கிறார்களே, அவர்களின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தாலே பாதிச் சண்டை புரிந்துவிடும். இது எந்த ஆய்வும் சொன்னதல்ல, வெறும் கழித்தல் கணக்கு. ஆனாலும் உங்கள் வீட்டில் சரிபார்த்துப் பாருங்கள்.

ஏன் அந்த வயது? உளவியலில் ஒரு கண்டுபிடிப்பு உண்டு. வயதானவர்களிடம் வாழ்க்கையின் நினைவுகளைக் கேட்டால், ஏறத்தாழ 10 முதல் 30 வயதுவரை நடந்தவை மற்ற காலங்களைவிடக் கூடுதலாக வருகின்றன. முதல் நண்பர் கூட்டம், முதல் காதல், முதல் முறை தனியாகப் பேருந்து ஏறியது, தேசிய சேவை, முதல் சம்பளம். எல்லாமே முதல் முறை. பின்னணியில் ஓடிய பாட்டும் அவற்றோடு சேர்ந்து மனத்தில் பதிகிறது. அந்தக் காலப் பாட்டு உண்மையிலேயே சிறந்ததா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்ட நீங்கள் அப்போது யாராக இருந்தீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

அப்படியானால் மூளை மூடிவிடுகிறதா?

இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதற்குமுன் கேட்டிராத பாடல்களை 19 பேருக்குப் போட்டுக்காட்டி, அவர்களின் மூளைச் செயல்பாட்டைப் படம்பிடித்தார்கள். பிடித்தால் சொந்தக் காசு கொடுத்து வாங்கலாம். மகிழ்ச்சியோடு தொடர்புள்ள ஒரு பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததோ, அந்த அளவுக்கு அவர்கள் அந்தப் பாட்டுக்குக் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அந்தப் பகுதி தனியாக வேலை செய்யவில்லை. ஒலிகளை அலசும் பகுதியோடு சேர்ந்து வேலை செய்தது. நாம் இதுவரை கேட்ட இசையின் அச்சுகள் அங்கேதான் சேர்ந்திருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

எளிமையாகச் சொன்னால், பாட்டு கேட்கும்போது மூளை "அடுத்து என்ன வரும்?" என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் சரியானாலும் சந்தோஷம், அழகாகத் தவறினாலும் சந்தோஷம். ஊகிக்கவே முடியவில்லை என்றால்தான் "ஒரே சத்தமா இருக்கு!"

அதனால் உங்கள் அம்மாவுக்கு டிராப் பீட் புரியவில்லை என்றால், அவருக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த அச்சு அவரிடம் இல்லை, அவ்வளவுதான். ஒன்றரை மணிநேரக் கருநாடக இசைக் கச்சேரியில் நீங்கள் நெளிவதற்கும் அதே காரணம்தான்.

அச்சைப் பிறகும் உருவாக்கலாம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன்மீது விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் சயோன்ஸ் 1968-லேயே காட்டினார். முதல் முறை "என்ன கண்றாவி" என்று தோன்றிய பாட்டு, நான்காவது முறை வாய்க்குள் முணுமுணுக்கும் அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

சிக்கல் அந்த நான்கு முறைக்கு நேரம் கிடைப்பதில்தான். 250,000-க்கும் அதிகமானோரின் பதில்களை வைத்து 2013-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு இதைக் காட்டியது. இளையர்கள் விழித்திருக்கும் நேரத்தில் சுமார் 20 விழுக்காடு இசை கேட்கிறார்கள். நடுத்தர வயதினருக்கு அது 13 விழுக்காடு. இளையர்கள் எங்கே வேண்டுமானாலும் கேட்கிறார்கள், பெரியவர்கள் பெரும்பாலும் தனியாக இருக்கும்போது கேட்கிறார்கள். கேட்கும் நேரமும் குறைவு, "டேய், இதக் கேட்டியா?" என்று காதில் இயர்போனைச் செருகும் நண்பனும் இல்லை. என்னைக் கேட்டால், நண்பன் இல்லாமல் போவதுதான் பெரிய இழப்பு. அல்காரிதம் நம்மை நம் பழைய விருப்பங்களை வைத்துத்தான் எடைபோடுகிறது. 1980-களின் பாடல்களையே கேட்பவருக்கு மேலும் 1980-களைத்தான் அள்ளிக்கொடுக்கும்.

பக்கவாசல் ஒன்று

தமிழ்ப் பாட்டு ரசிகர்களுக்கு ஒரு வசதி உண்டு. திரைப்படம். படம் பார்க்கப் போனால் புதுப் பாட்டும் கூடவே வருகிறது, தேடவேண்டியதே இல்லை. ஒலி 96.8-லும் மின்னலிலும் அடுத்தடுத்து வெவ்வேறு காலப் பாடல்கள் வருகின்றன. 'ரோஜா'வில் ரஹ்மானைப் பிடித்தவர், 30 ஆண்டு கழித்து 'பொன்னியின் செல்வன்' வந்தபோதும் அதே பெயரை நம்பிப் புது இசைக்குள் நுழைந்தார்.

பழைய இசையைக் கொண்டும் புதியதற்குள் நுழையலாம். 2006-இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழு 'மடை திறந்து' பாடலை வெளியிட்டது. இளையராஜா இசையில் 1980-இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலின் மேல் கட்டிய தமிழ் ராப். ராப் என்றாலே காதைப் பொத்திக்கொண்ட பெரியவர்களுக்கும் அந்த மெட்டு ஏற்கனவே பழக்கம். தெரிந்த வீட்டில் தெரியாத விருந்தாளி போல.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. 1991-இல் வந்த 'குணா' படத்தின் பாடல், 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படத்தில் ஒலித்தபோது, அந்தப் பாடலுக்குப் பிறகு பிறந்த பலர் அதை முதல் முறை கேட்டார்கள். வயது 32-ஐத் தாண்டிய பாட்டு அவர்களுக்குப் புத்தம் புதிது. புது இசை என்றால் நேற்று வெளிவந்ததா, நீங்கள் நேற்று கேட்டதா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. 50 வயதில் முதல் முறையாக ஜாஸ் கேட்டு மயங்குபவரைத் தேடலை நிறுத்தியவர் என்று எப்படிச் சொல்வது?

2013-இல் அமெரிக்க ஆய்வாளர் கேரல் கிரம்ஹான்சலும் ஜஸ்டின் சுப்னிக்கும் 20 வயதை ஒட்டிய மாணவர்களிடம் கடந்த பல பத்தாண்டுகளின் வெற்றிப் பாடல்களைப் போட்டுக்காட்டினார்கள். தங்கள் காலப் பாடல்களோடு அவர்களுக்கு நெருக்கம் இருந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் வந்த பாடல்களிலும் ஒரு மேடு தெரிந்தது. அது அவர்களின் பெற்றோர் இளையர்களாக இருந்த காலம். காரில், சமையலறையில், அப்பா அம்மா போட்டுப் போட்டுப் பதிந்தவை. 1960-களிலும் இன்னொரு மேடு தெரிந்தது.

அதாவது, இப்போது உங்கள் காதில் ஏறுவது உங்களோடு நிற்காமல் அடுத்த தலைமுறைக்கும் போகலாம்.

இது ஏன் முக்கியம்?

மறதிநோய் உள்ளவர்களைப் பராமரிக்கும்போது அவர்களின் இளமைக்காலப் பாடல்களைப் போடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. மற்ற நினைவுகள் மங்கிய பிறகும் பழகிய பாட்டுக்குச் சிலர் தலையாட்டுவார்கள், கூடவே பாடுவார்கள். அது நோயைக் குணப்படுத்தாது. ஆனால் அமைதியில்லாத ஒரு பிற்பகலை அமைதியாக்க உதவலாம்.

அதற்கு அந்தப் பாடல்கள் எவை என்று யாருக்காவது தெரிந்திருக்கவேண்டும். பொதுவாகப் "பழைய பாட்டு" என்று எதையாவது போட்டால் போதாது. 1950-இல் பிறந்த பாட்டிக்கு 15 வயது ஆனது 1965-இல். அவர் டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா குரல்களோடு வளர்ந்திருக்கலாம். அல்லது பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட மலாய்ப் பாடல்கள், சீன மொழிப் பாடல்கள், பீட்டில்ஸ். இந்த ஊரில் எதுவும் சாத்தியம்.

அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். 13, 15, 18 வயதில் என்ன கேட்டார்கள், எங்கே, யாரோடு என்று. ஒரு பிளேலிஸ்ட் போட்டு அவர்களின் பெயரை வையுங்கள். அவர்களே சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள்.