கலங்கல் நீரில் ட்ரவுட்

ஊட்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஆறு பெருகிக் கலங்கி ஓடும்போது, இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை ட்ரவுட் எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவலாஞ்சியில் 1907-லேயே ட்ரவுட் பொரிப்பகம் கண்ட ஊர்க்காரருக்கு ஃப்ளை தூண்டிலை நான் விளக்க வேண்டியதில்லை. நான் வசிக்கும் ஜெர்மனியின் பவேரியாவிலும் செப்டம்பர் மழையில் இஸார் ஆறு பெருகினால் இதே கேள்விதான்.

கலங்கலில் கண்ணைவிட விலாதான் உதவுகிறது. செவுளிலிருந்து வால்வரை மீனின் உடலில் பக்கக்கோடு ஓடுகிறது: செதில்களில் வரிசையாகத் துளைகள், அடியில் நுண்குழாய், அதற்குள் பாகு போன்ற தொப்பி போட்ட உணர்மயிர்கள். நம் உட்செவியில் இருப்பவையும் இதே வகைதான். வெளியே நீர் அசைந்தால் குழாயில் அழுத்தம் மாறும், மயிர் சாயும், மூளைக்குத் தெரியும். ஒரே சீராக ஓடும் நீரை இந்தக் குழாய் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. திடீர் மாற்றத்தையே பிடிக்கிறது. ஆற்றின் அத்தனை ஓட்டத்துக்கு நடுவில் ஒரு குஞ்சுமீனின் வாலசைவு அதற்குத் தனியே தெரிவதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதனால்தான் கலங்கலில் நீர்மேல் மிதக்கும் மென்மையான உலர் ஃப்ளை எடுபடாது. முயல்தோல் கீற்று கட்டிய, நீரைத் தள்ளிக்கொண்டு வரும் கறுத்த ஸ்ட்ரீமர் வகை ஃப்ளை வேண்டும்.

ஆனால் இந்த உணர்வு எட்டுவது ஓரிரு உடல்நீளத் தூரம்தான். மீன் நிற்கும் இடத்துக்கே ஸ்ட்ரீமர் போக வேண்டும். தேர் வரும்போது குறுகலான தெருவில் நாம் திண்ணையில் ஏறிக்கொள்வோமே, அப்படித்தான் வெள்ளத்தில் ட்ரவுட் நடு ஆற்றை விட்டுக் கரையோர வேர், பாறைப் பின்புறம், வளைவின் உட்பக்கம் என ஒதுங்கிவிடும்.

ஆற்றை நேராக்கிக் கரைக்குக் கல் பாவியபோது ஜெர்மானியர் இடித்தது இந்தத் திண்ணைகளைத்தான். மியூனிக் நகருக்குள் 2000 முதல் 2011 வரை 8 கிலோமீட்டருக்கு இஸாரின் கரையை உடைத்துச் சரளைத் திட்டுகளைத் திரும்ப அமைத்தார்கள். பிற ஆறுகள் பலவற்றுக்கு இது ஏன் இன்னும் வாய்க்கவில்லை என்பது என் ஆதங்கம். வயல்மண்ணும் கரைந்து வந்து சரளையின் இடுக்குகளை அடைக்கிறது. அங்கே ட்ரவுட் புதைத்த முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகின்றன.

பவேரியாவில் ஆற்று ட்ரவுட்டை அக்டோபர் 1 முதல் பிப்ரவரி முடியப் பிடிக்கக் கூடாது. அது முட்டையிடும் காலம். ஆஷே என்ற மீனைப் பிடிக்கச் சட்டப்படி டிசம்பர் வரை ஆற்றில் இறங்கலாம். அப்படி இறங்குபவர்கள், பாசி நீங்கி வெளுத்துத் தெரியும் சரளைக் குழியை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். முட்டைகள் இருப்பது அங்கேதான். குளிர்ந்த நீரில் அவை பொரிய மூன்று மாதம்கூட ஆகும்.